மன்றம் அனுமதிக்கலாம்

வா தாயி, உக்காரு. இந்தப் பக்கமா உக்காரு. அந்தப் பக்கம் திண்ணை சாக்கடை மேல நீட்டிக்கிட்டு இருக்கு, காலைத் தொங்கப் போட்டா கொசு பிச்சுப்புடும். கையில என்ன, கல்யாணப் பத்திரிகைக் கட்டா? ஓ, அஜெண்டாவா. நாளைக்குக் கூட்டமா? எத்தனை பொருள்? 64ஆ! ஆயகலையே 64தான். அதைக் கத்துக்க ஒரு ஆயுசு ஆகும்பாங்க. உங்க நகராட்சியில 20 நிமிசத்துல முடிச்சுப்புடுறீகளாமே. போன கூட்டம் அப்படித்தான் முடிஞ்சுதுன்னு டீக்கடையில பேசிக்கிட்டாங்க. அதுலயும் அஞ்சு நிமிசம் இரங்கல் தீர்மானம், அஞ்சு நிமிசம் சமோசா.

நீ கவுன்சிலராகி மூணு வருசம் தாண்டிருச்சு. இன்னமும் ராத்திரி உக்காந்து அஜெண்டாவைப் படிக்கிறியாமே? உங்க ஆத்தா மூக்கைச் சிந்துறா. படிக்கிற வயசுல படிக்காதவ இப்பப் படிச்சுக் கண்ணைக் கெடுத்துக்கிறாளேன்னு. தாத்தா சொல்றதைக் கேளு, படிக்காத. படிச்சா சந்தேகம் வரும். சந்தேகம் வந்தா வாய் திறக்கும். உன் வாய் திறந்தா அடுத்தவனுக்குச் சமோசா ஆறிப் போகும். பாவம் தாயி, அவங்களும் பிள்ளகுட்டிக்காரங்க.

சரி, வந்துட்ட. நான் பாட்டுக்குப் புளியில கொட்டை எடுத்துக்கிட்டு இருக்கேன், நீ வாசி. கேட்டா காசா பணமா.

"வருவாய் நிதியிலிருந்து செலவு செய்ய மன்றத்தின் அனுமதிக்கு." சரி. அதுக்குக் கீழ என்னமோ போட்டிருக்கானே? "அலுவலகக் குறிப்பு: மன்றம் அனுமதிக்கலாம்." அடுத்த பக்கம் திருப்பு. அதுலயும் அதேதானா? 64 பொருளுக்குக் கீழயும் அதேவா? நான் அஞ்சாப்பு வரைக்கும் படிச்சேன் தாயி. கேள்வித்தாள்லயே விடையையும் அச்சடிச்சுக் குடுக்கிற வாத்தியார் ஒருத்தர் கூட எனக்கு வாய்க்கலை. வாய்ச்சிருந்தா நானும் கலெக்டருக்குப் படிச்சிருப்பேன், இப்பக் காலுக்கடியில புளியங்கொட்டை குத்தாது.

ஒரு விசயத்தை நீ கவனிக்கணும். அந்தக் கிளார்க்கு தங்கமான பிள்ளை. உங்க 30 பேருக்கும் மூளைக்கு வேலை வைக்கக் கூடாதுங்கிற கருணையிலதான் அப்படி எழுதுறாரு. நீங்க செய்ய வேண்டியது மேசையைத் தட்டுறது மட்டும். அதுக்குத்தான் மாசம் 5,000 ரூபா மதிப்பூதியம் போட்டிருக்காக. மேசை தட்டி கை வலிச்சா தைலம் வாங்க வேண்டாமா?

7ஆம் நம்பர் என்ன? "ஆழ்துளைக் கிணற்றின் மின்மோட்டார் பழுதடைந்ததால், பொதுமக்களின் அவசர அவசியம் கருதி, உடனடியாகப் பழுது நீக்கம் செய்யப்பட்டது. மேற்படி செலவினத்துக்கு..." நிறுத்து, நிறுத்து. இது நம்ம தொழிலாச்சே.

இந்தத் தாத்தா 40 வருசம் மோட்டாருக்குக் காயில் கட்டுனவன். நான் கட்டுன மோட்டார் இன்னைக்கும் சில தோட்டத்துல ஓடுது, கட்டுன கூலி பாக்கி நிக்கிற தோட்டத்துலயும் ஓடுது. ஒரு சப்மெர்சிபிள் எப்ப எரியும் தெரியுமா? கிணத்துல தண்ணி இறங்கி, வறட்டு ஓட்டம் ஓடுனா எரியும். மூணு பேஸ்ல ஒண்ணு போய் ரெண்டுலயே ஓடுனா எரியும். வோல்டேஜ் தாழ்ந்து கிடந்தா எரியும். முறையாக் கட்டுன காயில், ஸ்டார்ட்டர் ஒழுங்கா இருந்தா, ரெண்டு மூணு வருசம் வாயைத் திறக்காம ஓடும், உங்க மன்றத்துல சில பேரு மாதிரி. போன வருசத்து அஜெண்டாவையும் எடுத்துப் பாரு. இதே கிணறு எத்தனை தடவை வந்திருக்கு? மூணு தடவையா? அப்ப கெட்டது மோட்டாரில்ல தாயி. ஒண்ணு ஸ்டார்ட்டரைப் பாக்கணும், இல்ல தண்ணி மட்டத்தைப் பாக்கணும், ரெண்டும் சரியா இருந்தா பில்லைப் பாக்கணும்.

அதோட இன்னொண்ணு. எரிஞ்ச காயிலைப் பிரிச்சா உள்ள என்ன இருக்கும்? செம்பு. கிலோ கணக்குல வரும். புதுக் கம்பி போட்டதுக்குப் பொருள் எண் இருக்கு. கழட்டுன பழைய செம்புக்குப் பொருள் எண் இருக்கா, தேடிப் பாரு. இருக்காது. அந்தச் செம்பு கர்ணனுக்குப் போயிருக்கும், அவன் தானமாக் குடுத்திருப்பான். இதை நீ நாளைக்குக் கேட்டுராத. செம்பு விலை என்னன்னு தெரியாத மாதிரியே உக்காந்திரு.

அந்த "அவசர அவசியம்" இருக்கே, அதைத் திட்டவும் முடியாது. ஜனங்க குடத்தைத் தூக்கிக்கிட்டு நிக்கையில, கூட்டம் போட்டு, அஜெண்டா அடிச்சு, ஒப்பந்தப்புள்ளி கோரி, அப்புறந்தான் முக்காலி நட்டு மோட்டாரை மேல தூக்குவோம்னா அது கிறுக்குத்தனம். அதுக்காகத்தான் முதல்ல வேலையைப் பாரு, அப்புறம் மன்றத்துல சொல்லிக்கன்னு ஒரு வழி வெச்சாங்க. தீப்பிடிச்சா ஓடுறதுக்குப் பின்வாசல். ஆனா இப்போ தீயே இல்லாம எல்லாரும் பின்வாசல் வழியாவே போய் வந்துக்கிட்டு இருக்காங்க, முன்வாசல்ல கோலம் அழியாம கிடக்கு. பேனர் கட்டுனது அவசரம். பெயின்ட் அடிச்சது அவசரம். ஜெராக்ஸ் எடுத்தது அவசரம். தாலி கட்டி, வளைகாப்புப் போட்டு, பிள்ளைக்குக் காதுகுத்தும் முடிஞ்சப்புறம், பொண்ணு பாக்க வாங்கன்னு சம்பந்தகாரரைக் கூப்பிடுற மாதிரி இருக்கு. நீங்களும் போய், பொண்ணு லட்சணமா இருக்குன்னு சொல்லிட்டு பஜ்ஜி தின்னுட்டு வர்றீக.

அடுத்து? பிறப்பு இறப்புக் கணக்கு. அதுக்கெல்லாம் பேச்சு வேண்டாம், பிறந்தவன் பிறந்துட்டான். நாய்க்குக் கருத்தடை. பிளீச்சிங் பவுடர். கொசு ஒழிப்புக்குத் தினக்கூலி ஆளு. ஆளு எத்தனை, வார்டுக்கு வந்தது எத்தனைன்னு எண்ணிராத, கொசுவைக் கூட எண்ணிப்புடலாம்.

பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பிடம் ஏலம். இதுலதான் சத்தம் வரும், பாத்துக்க. கோடி ரூபா வடிகாலு வாயைத் திறக்காமப் போயிரும். கழிப்பிடத்துக்கும் சைக்கிள் ஸ்டாண்டுக்கும் மட்டும் மைக்கைப் பிடுங்கிக்கிட்டுச் சண்டை போடுவாக. ஏன்னு கேக்குறியா? வடிகாலோட மதிப்பீடு எட்டுப் பக்கம், அதைப் பாத்தாலே தலை சுத்தும். கழிப்பிடம் எல்லாருக்கும் தெரிஞ்ச இடம். ரூபா எம்புட்டு விழும்னு வாசல்ல நின்னே சொல்லிப்புடலாம். அதோட ஏலம் எடுக்க நிக்கிறவன் யாரோட மச்சானோ, யாரோட பங்காளியோ. முதல் ஏலத்துக்கு ஒருத்தனும் வரமாட்டான். ரெண்டாவதுக்கு ஒருத்தன் வந்து பாதித் தொகை கேப்பான். மூணாவது ஏலம் வரைக்கும் நகராட்சி ஆளே நின்னு வசூல் பண்ணுவாரு. அந்த மாசம் மட்டும் ஊர்ல ஒருத்தருக்கும் ஒண்ணுக்கு வராது, கணக்கைப் பாரு. ஏலம் போன மறுநாள் பாத்தா வரிசை நிக்கும்.

இந்த ஏலத்துக்கு எதிர்ப்புக் காட்டி வெளிநடப்புப் பண்றவங்க கூட நீயும் போகாத. அவங்க வெளிய போனதும் உள்ள இருக்கிறவங்க மிச்சப் பொருள் அம்புட்டையும் ஒரே மூச்சுல 'ஆல் பாஸ்' போட்டுருவாங்க. போனவங்க வாசல்ல பேட்டி குடுத்துட்டு, போட்டோ எடுத்துட்டு, டீ ஆறுறதுக்குள்ள திரும்பி வந்துருவாங்க. ரெண்டு பக்கத்துக்கும் திருப்தி. உனக்கு ஒண்ணு பிடிக்கலைன்னா உக்காந்த இடத்துலயே, "என் எதிர்ப்பை மினிட் புக்குல பதிவு பண்ணுங்க"ன்னு சொல்லு. சத்தமாக் கூட வேணாம். இதைத் தாத்தா சொன்னேன்னு வெளிய சொல்லிராத, எனக்கு ஓய்வூதியம் நின்னு போகும்.

19 வாசி. "மேற்படி தெருவில் பழுதடைந்த கல்வெட்டை இடித்துவிட்டுப் புதிய கல்வெட்டு..." ஹ! ஊருக்குள்ள வந்த புதுசுல இந்தக் கல்வெட்டைப் பாத்துட்டு நான் ராசராசன் காலத்துதுன்னு நினைச்சேன். அப்புறம் கிட்டப் போய்ப் பாத்தா, சாக்கடை மேல போட்ட சின்னப் பாலம். இங்கிலீசுக்காரன் 'கல்வர்ட்'னு சொன்னது நம்ம வாயில விழுந்து கல்வெட்டாப் போச்சு. ஆனாலும் பொருத்தந்தான். பழைய கல்வெட்டுல ராசா பேரு இருக்கும், இதுல ஒப்பந்தக்காரர் பேரு இருக்கும். பழசு ஆயிரம் வருசம் நிக்குது. இது, நீயே சொல்லு, எத்தனை மழை தாங்குச்சு?

நிசக் கல்வெட்டு ஒண்ணு உத்திரமேரூர்ல இருக்கு, காஞ்சிபுரம் மாவட்டத்துல. பராந்தகச் சோழன் காலம். 919லயும் 921லயும் வெட்டுனது. ஊரை 30 குடும்பாப் பிரிச்சு, ஆளுக பேரை ஓலையில எழுதிக் குடத்துல போட்டு, சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லியிருக்காங்க. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒண்ணு, பொன்னுக்கு ஒண்ணு. ஒரு வருசந்தான் பதவி. இதையெல்லாம் மேடையில எல்லாரும் சொல்லுவாங்க, கைத்தட்டு விழும். அதுக்கு அடுத்த வரியை மட்டும் தாண்டிருவாங்க. வாரியத்துல இருந்தவன் கணக்குக் காட்டலைன்னா, அவன் பேரு மறுபடி குடத்துக்குள்ள போகாது. அவனோட போச்சுன்னு விட்டாங்களா? சின்னாத்தா மகன், பெரியாத்தா மகன், அத்தை மகன், மாமன், மாமனார், மச்சினன், மருமகன், அப்பன், பிள்ளை, எல்லாத்தையும் வரிசையா வெட்டி வெச்சிருக்கான். ஒருத்தன் தின்னா சொந்தம் பூராவும் பட்டினி. அந்தச் சட்டம் இப்ப இருந்துச்சுன்னு வையி, உங்க மன்றக் கூடத்துல மின்விசிறி மட்டுந்தான் சுத்திக்கிட்டு இருக்கும்.

அதுக்காக ரொம்பப் பூரிச்சுப் போகாத. குடத்துல பேரு விழணும்னா கால் வேலி நிலம் வேணும், சொந்த மனையில வீடு வேணும், வேதம் படிச்சிருக்கணும், வயசு 35க்கு மேல 70க்குள்ள இருக்கணும். அது பிராமணச் சபை. உன் பேரும் என் பேரும் ஓலை இருக்கிற தெருவுக்கே போயிருக்காது. உனக்கு 31, எனக்கு 78, நாம ரெண்டு பேரும் வயசுலயே அவுட்டு. இப்பப் பாதி இடம் பொம்பளைகளுக்குன்னு 2016ல சட்டம் திருத்துனாங்க, அதனால 2022ல நீ நின்ன. இல்லாட்டி உன் வார்டுல யாரு நின்னிருப்பா? உன் வீட்டுக்காரர். இப்பவும் அவர்தானே நிக்கிறாரு! ரோட்டுல நின்னு ஜே.சி.பி.யைக் கைகாட்டி நிறுத்துறது யாரு? "கவுன்சிலர்"னு வண்டியில எழுதியிருக்கே, அந்த வண்டியை ஓட்டுறது யாரு? மாப்பிள்ளையை நான் ஒண்ணும் சொல்லலை, நல்ல மனுசன். கூட்டத்துக்கு உள்ள விடமாட்டேன்னு கமிஷனர் சொன்னதும் சன்னல் கிட்ட நின்னு சைகை காட்டுறாராமே, அதைத்தான் டீக்கடையில நடிச்சுக் காட்டுறாங்க. ஒரு நாள் சன்னலைச் சாத்திப் பாரு. காத்து வராது, ஆனா உனக்கு யோசனை வரும்.

நீங்க இல்லாமலும் ஊர் நடந்துச்சு, அது தெரியும்ல? 2016 அக்டோபர்ல பழைய மன்றம் முடிஞ்சுது. 2022 பிப்ரவரியிலதான் திரும்பத் தேர்தல். அஞ்சு வருசத்துக்கு மேல தமிழ்நாட்டு நகரங்கள்ல கவுன்சிலர்னு ஒரு உயிரினமே கிடையாது. தனி அலுவலர் ஒருத்தரே மன்றம், அவரே அலுவலகம். அவரே "அனுமதிக்கலாம்"னு எழுதி, அவரே அனுமதிச்சுக்கிட்டாரு. குப்பை அப்பவும் கிடந்துச்சு, தண்ணி அப்பவும் வரலை. ஒரே வித்தியாசம், அப்ப எவன் வீட்டு வாசல்ல போய்க் கத்துறதுன்னு தெரியலை. இப்ப உன் வீடு இருக்கு. அதுக்குத்தான் தாயி ஜனநாயகம்.

வந்து உக்காந்ததும் முத வேலையா என்ன செஞ்சீக? மார்ச்சுல பதவி ஏத்தீக. ஏப்ரல்ல சொத்து வரி. 600 சதுர அடிக்குள்ள இருக்கிற வீட்டுக்கு 25 சதவீதம் கூடுச்சு, 1,800ஐத் தாண்டுன வீட்டுக்கு 100 சதவீதம். அஞ்சு வருசத்துக்கு மேல கவுன்சிலரைக் கண்ணுல பாக்காத ஜனங்களுக்கு நீங்க கொண்டுபோன முதல் சீர்வரிசை அது. உன் மேல குத்தம் சொல்லலை. மேல இருந்து உத்தரவு. வரியைக் கூட்டுனாத்தான் நிதிக்குழு மானியம்னு டெல்லி சொல்லுச்சு, சென்னை சொல்லுச்சு, கடைசியா வந்து நின்ன இடம் உன் மேசை. அன்னைக்கு நீ மேசையைத் தட்டுனியா, கையைக் கட்டிக்கிட்டு இருந்தியான்னு நான் கேக்கலை. ரெண்டுக்கும் மினிட் புக்குல ஒரே எழுத்துத்தான்: ஒருமனதாக.

கோவமா? சரி, கோவப்படாத. கருப்பட்டிக் காபி போடச் சொல்றேன். இந்தா, இந்தக் கொட்டைய அந்தப் பக்கம் தள்ளு. உனக்கு ஒரு அஜெண்டாக் கதை சொல்றேன், நிசமா நடந்தது.

1920 செப்டம்பர் 16. சென்னை மாநகராட்சி மன்றக் கூட்டம். தலைவரு பிட்டி. தியாகராயர், அவர் பேருலதான் தி. நகர் இருக்கு. அன்னைக்கு ஒரு பொருள்: ஆயிரம் விளக்குல இருக்கிற மாநகராட்சிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பகல்ல சிற்றுண்டி குடுக்கணும், ஒரு பிள்ளைக்கு நாளைக்கு ஒரு அணாவுக்கு மிகாம. அம்புட்டுத்தான். ஒரே ஒரு பள்ளிக்கூடம். பசியில பிள்ளைக வரமாட்டேங்குது, சோறு போட்டா வரும்னு ஒரு சாதாரணக் கணக்கு. உன் அஜெண்டாவுல வந்திருந்தா பிளீச்சிங் பவுடருக்கும் டீசலுக்கும் நடுவுல கிடந்திருக்கும். அந்த மன்றத்துலயும் ஒருத்தர் கொட்டாவி விட்டிருப்பாரு, ஒருத்தர் கடிகாரத்தைப் பாத்திருப்பாரு. ஆனாப் பொருள் நிறைவேறுச்சு.

அப்புறமும் லேசுல போகலை. தொடக்கக் கல்வி நிதியில இருந்து சோத்துக்குச் செலவு பண்ணக் கூடாதுன்னு வெள்ளைக்காரச் சர்க்கார் முட்டுக்கட்டை போட்டு 1925ல நின்னு போச்சு. பாத்தியா, அன்னைக்கும் நிதித் தலைப்புதான் எமன். உன் அஜெண்டாவுலயும் வருவாய் நிதி, குடிநீர் நிதி, கல்வி நிதின்னு தனித்தனியாப் போட்டிருக்கானே, அதை நீ அலட்சியமாத் தாண்டிப் போற. எந்தப் பானையில இருந்து அள்ளுறாங்கன்னு பாத்தாத்தான் எந்தப் பானை காலியாகுதுன்னு தெரியும். நின்னதை மறுபடி தொடங்குனாங்க. 1956ல காமராசர், 1982ல எம்.ஜி.ஆர். 2022 செப்டம்பர் 15ல நம்ம மதுரையிலதான் காலைச் சாப்பாட்டுத் திட்டம் ஆரம்பிச்சாங்க. எதிர் வீட்டுப் பய இப்பக் காலையில பல்லை விளக்கிட்டு நேரா உப்புமாவுக்கு ஓடுறான்ல, அவன் தின்னுறது அந்த ஓரணாவோட வட்டி.

அந்தக் கூட்டத்துல அன்னைக்குக் காரசாரமா வேற என்னத்துக்குச் சண்டை போட்டாங்களோ, அதெல்லாம் காத்தோட போச்சு. ஓரணாத் தீர்மானம் சோத்துத் தட்டுல கிடக்கு. ஈரோட்டுல பெரியாரும் சேலத்துல ராசாசியும் நகராட்சிச் சேர்மனா இருந்தப்ப, அவங்க நாற்காலிக்கு முன்னாடி வந்து நின்னதும் இதே குழாயும் சாக்கடையும் விளக்குந்தான்.

எதுக்குச் சொல்றேன்னா, ஒண்ணுக்கும் இல்லை. சும்மா சொன்னேன். நீ நாளைக்குப் போனமா, கையெழுத்துப் போட்டமா, வந்தமான்னு இரு. ரொம்ப ஆசையா இருந்தா 64லயும் ஒரே ஒரு பொருளை எடுத்துக்க. அதுல எது, எங்க, எம்புட்டு, போன தடவை எப்பன்னு நாலு கேள்வி எழுதிக்க. எந்திரிச்சு நின்னு, ரொம்ப மரியாதையா, விவரம் தெரியாத பிள்ளை மாதிரி மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேளு. "எனக்கு விளங்கலைங்கய்யா, அந்தப் பழைய செம்புக் கம்பி எங்கங்கய்யா இருக்கு?" அம்புட்டுத்தான். கோவமாக் கேட்டா உன்னைய எதிர்க்கட்சிம்பான். விளங்காதவ மாதிரிக் கேட்டா விளக்கித்தான் ஆகணும். எஞ்சினியர் பைலைப் புரட்டுற சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேக்கும்.

இன்னும் எத்தனை கிடக்கு? தெருவிளக்கு, விடு. வண்டி டயர், விடு. வாரச்சந்தை, அதுல எனக்கு ஒரு ஆளு இருக்கான், அப்புறம் சொல்றேன். 53 என்ன? வாசி.

"14ஆவது வார்டு வடக்குத் தெருவில் மழைநீர் வடிகால் அமைக்க, வடிகால் பாதையின் மேல் கட்டப்பட்டுள்ள திண்ணை, படிக்கட்டு உள்ளிட்ட ஆக்கிரமிப்புகளை அகற்றி..."

எந்த வடக்குத் தெரு? ஊர்ல ரெண்டு வடக்குத் தெரு இருக்கே தாயி. 14ஆவது வார்டுல ஒண்ணுதானா? திரும்ப வாசி. திண்ணைன்னா போட்டிருக்கான்? திண்ணைன்னு தனியா எதுக்குப் போடணும், படிக்கட்டுன்னு போட்டாப் போதாதா?

இங்க பாரு, இதெல்லாம் அவசரப்பட்டுச் செய்யிற காரியமில்லை. உங்க பாட்டி பிரசவத்துக்குப் போயிருந்தப்ப நானே கரண்டி பிடிச்சுக் கட்டுன திண்ணை. இதுல உக்காந்துதான் உனக்கு அ, ஆ சொல்லிக் குடுத்தேன். சாக்கடை மேல ஒண்ணும் பெருசா நீட்டலை, ஒரு ஒண்ணே முக்கா அடி. மழை பேஞ்சா தண்ணி தெருவுல நிக்கிறதுக்கு இந்த ஒண்ணே முக்கா அடியா காரணம்? அங்கிட்டு முக்குல ஒருத்தன் முழுசா ஒரு கடையே கட்டியிருக்கான், அதுக்குப் பொருள் எண் இருக்கா பாரு. நாளைக்கு இதை மட்டும் ஒத்தி வைக்கச் சொல்லிரு. வேண்டாம், நீ எந்திரிச்சா சொந்தம்பாங்க. சமோசா ஆறுதேன்னு தவிக்கிற கவுன்சிலரு யாரையாவது விட்டுச் சொல்லச் சொல்லு. இல்லாட்டி அதுவும் வேண்டாம், கூட்டத்தோட கூட்டமாப் போகட்டும், யாரும் படிக்க மாட்டாங்க, தீர்மானம் போட்டுட்டு வேலை செய்யாமக் கிடக்கிறது எத்தனை கிடக்கு.

எதுக்குச் சிரிக்கிற? உத்திரமேரூரா? அதை விடு, அது பிராமணச் சபைன்னு அப்பவே சொன்னேன்ல. அந்தச் சொந்தக்காரப் பட்டியல்ல சின்னாத்தா மகன் இருக்கான், மச்சினன் இருக்கான், மருமகன் இருக்கான். தாத்தா கிடையாது. நான் நல்லா விசாரிச்சு வெச்சிருக்கேன்.

பேனாவை எதுக்கு எடுக்கிற? என்ன கேள்வி எழுதுற? ஒண்ணே முக்கா அடின்னா குறிக்கிற? அடியே.

சரி, கீழ என்ன போட்டிருக்கான், அதையும் வாசி.

அதைத்தான் போட்டிருப்பான்னு தெரியும். புளியை அள்ளி உள்ள வை தாயி, மழை வர்ற மாதிரி இருக்கு.